பழைய நிலக்கரிச் சுரங்கக் குழியைச் சாம்பலால் நிரப்பலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அனல்மின் நிலையத்தில் நிலக்கரியை எரித்த பிறகு சாம்பல் மிஞ்சுகிறது, அந்த நிலக்கரியை வெட்டிய இடத்தில் குழி மிஞ்சுகிறது. சாம்பலைக் குழியில் போட்டு மேலே மண்ணைப் பரப்பி மரம் நட்டால் இரண்டு தொல்லையும் ஒன்றாகத் தீருமே என்ற யோசனை ரொம்ப நாளாக இருக்கிறது, இந்தியாவில் இப்போது வேகமாக நடந்துகொண்டும் இருக்கிறது. இதைப் பற்றிப் பேசும்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு என்னால் முடிந்தவரை நேரடியாகப் பதில் சொல்லியிருக்கிறேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் இதை எதிர்ப்பவன் இல்லை. ஆனால் அந்தக் குழியின் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று தெரியாமல் ஒரு லாரி சாம்பல்கூட உள்ளே இறங்கக் கூடாது என்பதில் உறுதியாக இருக்கிறேன்.

சாம்பல் என்ன அவ்வளவு பெரிய பிரச்சினையா?

ஆமாம். நம் நாட்டு நிலக்கரியில் பெரும்பாலும் 30 முதல் 45 சதவீதம் வரை சாம்பல்தான். மத்திய மின்சார ஆணையத்தின் கணக்குப்படி 2021-22-ல் மட்டும் 27 கோடி டன்னுக்குக் கொஞ்சம் மேலே சாம்பல் வந்தது. தளர்வாகக் கொட்டினால் ஒரு கன மீட்டர் சாம்பல் ஏறக்குறைய ஒரு டன் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2011-ல் எல்லை விரிவதற்கு முன்னால் இருந்த பழைய சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டர். அதன் மேல் இந்த ஒரு வருடச் சாம்பலைப் பரப்பினால் ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு நிற்கும். அடுத்த வருடம் இன்னொரு ஒன்றரை மீட்டர்.

அந்த வருடம் கிட்டத்தட்ட 96 சதவீதம் பயன்படுத்தப்பட்டதாக அதே கணக்கு சொல்கிறது. இந்தப் "பயன்பாடு" என்ற சொல்லைக் கவனியுங்கள். சிமெண்டில் கலப்பதும் பயன்பாடு, செங்கல் செய்வதும் பயன்பாடு, பள்ளத்தில் கொட்டுவதும் பயன்பாடு, எல்லாம் ஒரே தலைப்பில் வந்துவிடும். சிமெண்டுக்குள் போன சாம்பல் அதிலேயே கட்டுண்டு கிடக்கும். பள்ளத்தில் போட்ட சாம்பலின் கதை அப்போதுதான் தொடங்குகிறது.

சுரங்கத்தில் தோண்டிய மண்ணையே திருப்பிப் போடலாமே?

போடுகிறார்கள், போடத்தான் வேண்டும். நிலக்கரிக்கு மேலே இருந்த மண்ணையும் பாறையையும் வெட்டி எடுக்கும்போது அது உடைந்து பருத்துவிடுகிறது, பழைய அளவைவிட கால் பங்கு வரை கூடுதலாகக்கூட இடம் பிடிக்கும். அதனால் மெல்லிய நிலக்கரிப் படுகை உள்ள இடத்தில் மேல்மண்ணே குழியை நிரப்பப் போதும்.

பிரச்சினை படுகை தடிமனாக இருக்கும் இடங்களில். மத்தியப் பிரதேசத்தின் சிங்ரௌலியில் ஜிங்குர்தா படுகை என்று ஒன்று இருக்கிறது, 130 மீட்டருக்கும் மேல் தடிமன். அவ்வளவையும் அள்ளிய பிறகு எந்த மண்ணைக் கொண்டு நிரப்புவீர்கள்? அதோடு, முதல் வெட்டில் எடுத்த மண் பெரும்பாலும் வெளியே மலைபோல் குவிக்கப்பட்டிருக்கும். அதைத் திரும்ப உள்ளே தள்ளச் செலவு அதிகம் என்று யாரும் தொடுவதில்லை, கடைசி வெட்டு குழியாகவே நின்று தண்ணீர் தேங்கி ஏரி மாதிரி ஆகிவிடுகிறது.

சரி, சாம்பலால் மட்டும் அதை நிரப்பிவிட முடியுமா? ஒரு சின்னக் கணக்கு போடலாம். பூமிக்குள் ஒரு டன் நிலக்கரி சுமார் மூன்றில் இரண்டு பங்கு கன மீட்டர் இடத்தில் இருக்கிறது. அதை எரித்தால் 350 கிலோ சாம்பல், அதற்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கன மீட்டர் இடம் வேண்டும். அதாவது எடுத்த நிலக்கரியின் இடத்தில் பாதியைத்தான் அதன் சாம்பலால் நிரப்ப முடியும். மீதிக்கு மண் வேண்டும், வேறு வழியில்லை. ஆக, "சாம்பல் இருக்கிறது, மேல்மண்ணைத் திருப்பிப் போட வேண்டாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இது எங்கெல்லாம் நடக்கிறது?

ஒடிசாவின் தால்சேரில் தெற்கு பலண்டா என்ற பழைய திறந்தவெளிச் சுரங்கத்துக்கு, பக்கத்திலிருந்த தால்சேர் அனல்மின் நிலையத்தின் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாக அனுப்பினார்கள். இந்தியாவில் பெரிய அளவில் நடந்த ஆரம்பகால முயற்சிகளில் அதுவும் ஒன்று. அந்த மின் நிலையம் 2021-ல் மூடப்பட்டுவிட்டது, சாம்பல் அங்கேயே இருக்கிறது. சிங்ரௌலியில் 4,760 மெகாவாட் விந்தியாசல் நிலையம் இருக்கிறது, நிலக்கரியில் ஓடுவதில் நாட்டிலேயே பெரியது. அதன் சாம்பலுக்குக் கோர்பி என்ற கைவிடப்பட்ட சுரங்கம் ஒதுக்கப்பட்டது. வெளிநாட்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம்தான் இதில் முன்னோடி, ஆஸ்திரேலியாவின் ஹண்டர் பள்ளத்தாக்கிலும் நடக்கிறது.

சாம்பலில் அப்படி என்ன விஷம் இருக்கிறது? அடுப்புச் சாம்பலைப் பாத்திரம் தேய்க்கக்கூடப் பயன்படுத்தினோமே?

விறகுச் சாம்பலையும் நிலக்கரிச் சாம்பலையும் ஒன்றாக நினைக்க வேண்டாம். நிலக்கரி என்பது கோடிக்கணக்கான வருடம் மண்ணுக்குள் கிடந்து, பாறையில் இருந்த உலோகங்களையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்ட பொருள். எரிக்கும்போது கரிமம் போய்விடுகிறது, மற்றதெல்லாம் அடர்த்தியாகச் சாம்பலில் தங்குகிறது. எடையில் பெரும்பகுதி மணலிலும் களிமண்ணிலும் இருக்கும் சிலிக்காவும் அலுமினாவும்தான், அவற்றால் தண்ணீருக்குப் பெரிய தொல்லை இல்லை. சின்ன அளவில் இருக்கும் ஆர்சனிக், செலினியம், போரான், மாலிப்டினம், குரோமியம், காட்மியம் இவைதான் கவலை.

சாம்பல் துகளின் மேற்பரப்பில் இவற்றில் பல படிந்திருக்கும், ஏனென்றால் உலையில் ஆவியாகிப் புகை குளிரும்போது துகள் மேல் ஒட்டிக்கொள்கின்றன. அதனால் தண்ணீர் பட்டதும் முதல் கழுவலிலேயே கணிசமாக வெளியே வரும். இன்னொரு சிக்கல்: காட்மியம், நிக்கல், துத்தநாகம் போன்றவை அமிலத் தண்ணீரில் சுலபமாகக் கரையும், ஆர்சனிக்கும் செலினியமும் காரத்தன்மையுள்ள தண்ணீரிலும் கரைந்து நகரும். ஆகவே "இந்தத் தண்ணீரில் வைத்தால் எதுவும் வெளியே வராது" என்று சொல்ல முடிகிற ஒரு பொதுவான நிலை கிடையாது.

குடிநீரில் ஆர்சனிக்குக்கு நம் தர அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். அவ்வளவு சின்ன எண்ணைத் தாண்ட நிறையச் சாம்பல் தேவையில்லை, நிறைய நேரமும் தொடர்ந்து ஓடும் தண்ணீரும் போதும்.

சாம்பல் காரம், சுரங்கத் தண்ணீர் அமிலம். இரண்டும் சேர்ந்தால் சரியாகிவிடுமே?

இந்த வாதம்தான் இந்த முறைக்கு ஆதரவாகச் சொல்லப்படுவதில் வலுவானது, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். நிலக்கரியோடு பைரைட் என்ற இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம் இருக்கும். சுரங்கம் திறந்து காற்றும் தண்ணீரும் பட்டதும் அது கந்தக அமிலமாக மாறி, ஓடைகள் செம்மஞ்சள் நிறத்தில் மீனின்றி ஓடும். பென்சில்வேனியாவில் இப்படிச் செத்துப்போன ஓடைகள் ஏராளம். 1980களின் பிற்பகுதியிலிருந்து அங்கே ஒரு வேலை செய்தார்கள்: பழைய சுரங்கங்களுக்கு வெளியே குவிந்து கிடந்த கழிவு நிலக்கரி மேடுகளைத் தனி வகை உலைகளில் எரித்து மின்சாரம் எடுத்தார்கள், அந்தச் சாம்பலைக் குழிகளில் போட்டு நிலத்தைச் சமப்படுத்தினார்கள். அமிலத்தைப் பெருக்கிய கழிவு மேடும் போனது, ஆபத்தான குழியும் மூடியது. பல இடங்களில் இது உண்மையிலேயே நல்ல வேலை, அதை மறுப்பது நியாயமில்லை.

ஆனால் அந்த உலைகளில் கந்தகத்தைப் பிடிக்கச் சுண்ணாம்புக்கல்லையும் சேர்த்தே எரிக்கிறார்கள். அதனால்தான் அந்தச் சாம்பலில் சுண்ணாம்பு அதிகம், அமிலத்தை அடக்கும் சக்தியும் அதிகம், ஈரம் பட்டால் ஓரளவு இறுகவும் செய்யும். நம் ஊர் நிலையங்களின் சாம்பலில் சுண்ணாம்பு மிகக் குறைவு, பெரும்பாலும் ஓரிரு சதவீதம்தான். அது கொஞ்ச நாள் அமிலத்தைத் தாங்கும், பிறகு தீர்ந்துவிடும். தீர்ந்த பிறகும் பைரைட் அமிலத்தை விட்டுக்கொண்டே இருக்கும், அப்போது அந்த அமிலம் சாம்பலில் உள்ள உலோகங்களைக் கரைக்கத் தொடங்கும். கோர்பியில் தேங்கும் தண்ணீர் அமிலத் தன்மைக்குப் பெயர் போனது. பென்சில்வேனியாவின் வெற்றிக் கதையை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து அங்கே பொருத்தக் கூடாது, அந்தக் குழியின் அமிலம் எவ்வளவு, வரும் சாம்பலின் காரம் எவ்வளவு என்று தனியாகக் கணக்குப் போட்டுத்தான் பேச வேண்டும்.

குழியில் போட்டு ஊர்த் தண்ணீர் கெட்டுப்போன நிகழ்வு உண்டா?

உண்டு. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் கேம்ப்ரில்ஸ் என்ற ஊர். அங்கே இருந்தது நிலக்கரிச் சுரங்கம் இல்லை, மணலும் சரளையும் எடுத்த பழைய குழிகள். 1995 முதல் 2007 வரை பக்கத்து மின் நிலையங்களின் சாம்பலை அடியில் எந்தத் தடுப்பு விரிப்பும் இல்லாமல் அதில் நிரப்பினார்கள், நோக்கம் நிலத்தை மீட்டு மேலே கட்டடம் கட்டுவது. மணல் குழி என்றால் தண்ணீர் தடையின்றி இறங்கும் என்பது கிணறு வெட்டும் எந்த ஆளுக்கும் தெரிந்த விஷயம். சுற்றியிருந்த வீட்டுக் கிணறுகளில் கலப்படம் தெரிந்தது. 2007-ல் மாநில அரசு 10 லட்சம் டாலர் அபராதம் போட்டது, அடுத்த வருடம் குடியிருப்பவர்கள் தொடுத்த வழக்கு 5 கோடி டாலருக்கும் மேலான சமரசத்தில் முடிந்தது, வீடுகளுக்குப் பொதுக் குடிநீர்க் குழாய் கொடுக்க வேண்டி வந்தது.

காசு கிடைத்தது என்று ஆறுதல் சொல்லலாம். அங்கே வழக்குப் போட வக்கீலும், குழாய் போட வசதியும் இருந்தது. தால்சேரிலோ சிங்ரௌலியிலோ ஒரு கிராமத்தின் கிணறு கெட்டால் என்ன கிடைக்கும் என்று நினைத்துப் பார்த்தால் மனசு பதறுகிறது.

சாம்பல் குளத்தில் விட்டு வைப்பதைவிட இது மேல்தானே?

இந்த இடத்தில் என் பதில் தெளிவாகவே "பெரும்பாலும் ஆம்". சாம்பலைக் கரைசலாக்கிக் கரை கட்டித் தேக்கி வைப்பதுதான் இருப்பதிலேயே ஆபத்தானது. 2008 டிசம்பர் 22-ல் அமெரிக்காவின் டென்னசியில் கிங்ஸ்டன் நிலையத்தின் கரை உடைந்து சுமார் 41 லட்சம் கன மீட்டர் சாம்பல் சேறு ஆற்றிலும் நிலத்திலும் பாய்ந்தது. நம் சிங்ரௌலியில் ஒரு வருடத்துக்குள் மூன்று உடைப்புகள்: 2019 ஆகஸ்ட், அதே வருடம் அக்டோபர், பிறகு 2020 ஏப்ரல் 10. கடைசியாக நடந்த சாசன் அனல்மின் நிலையத்தின் உடைப்பில் ஆறு பேர் இறந்தார்கள், அவர்களில் குழந்தைகளும் உண்டு. சேறு வயலை மூடி ரிஹந்த் நீர்த்தேக்கம் வரை போனது.

குழி என்பது தரை மட்டத்துக்குக் கீழே இருப்பதால் கரை உடைந்து ஊரை அடித்துக்கொண்டு போகும் பயம் இல்லை, இது பெரிய நன்மை. ஆனால் குளத்து ஆபத்து கண்ணுக்குத் தெரியும், ஒரே நாளில் நடக்கும். குழி ஆபத்து கண்ணுக்குத் தெரியாது, பத்திருபது வருடம் கழித்து ஒரு போர்வெல்லில் வந்து நிற்கும், அப்போது சாம்பலைப் போட்டவர்களில் யாருமே அங்கே இருக்க மாட்டார்கள். குழாயில் கரைசலாக அனுப்பினால் இன்னொரு சிரமமும் சேர்கிறது, அவ்வளவு தண்ணீரும் குழிக்குள் போய்ச் சாம்பலைக் கழுவுகிறது. தண்ணீரைத் திரும்ப எடுத்து நிலையத்துக்கே அனுப்ப வேண்டும்; அனுப்புகிறார்களா என்று ஒருவர் நேரில் பார்க்க வேண்டும்.

அப்படியானால் எப்படிப் போட்டால் சரி?

முதலில் வருவது நீரியல் ஆய்வு. நிலத்தடி நீர் மட்டம் கோடையில் எங்கே, மழைக்குப் பிறகு எங்கே, எந்தத் திசையில் ஓடுகிறது, எந்த ஊர்க் கிணறு அதன் வழியில் இருக்கிறது. ஒரே ஒரு முறை அளந்தால் போதாது, குறைந்தது ஒரு முழு வருடம் வேண்டும். இதில் பலரும் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. சுரங்கம் ஓடிக்கொண்டிருக்கும்போது இரவும் பகலும் தண்ணீரை இறைப்பார்கள், அதனால் நீர் மட்டம் செயற்கையாகக் கீழே இருக்கும். சுரங்கம் மூடி மோட்டார் நின்றதும் தண்ணீர் மெல்ல மெல்ல மேலே ஏறிப் பழைய இடத்துக்கு வரும். இன்றைக்கு வறண்டு கிடக்கும் இடத்தில் போட்ட சாம்பல் பதினைந்து வருடம் கழித்து நீருக்குள் ஊறிக்கிடக்கும். ஆகவே திட்டம் போடுகிறவர்கள் ஏறி வரப்போகும் நீர் மட்டத்தை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

பிறகு, முடிந்தவரை அந்த மட்டத்துக்கு மேலே, ஈரப்பதமாக, அடுக்கடுக்காகப் பரப்பி ரோலர் விட்டு இறுக்க வேண்டும். இறுகிய சாம்பலில் தண்ணீர் மெதுவாகத்தான் இறங்கும். அடியில் களிமண் படிவம் இருந்தால் நல்லது, விரிசல் விட்ட மணற்பாறை என்றால் தடுப்பு இல்லாமல் போடவே கூடாது. மேலே களிமண், அதன் மேல் மேல்மண், மழைநீர் தேங்காமல் வழிந்தோடச் சரிவு. மேலிருந்து இறங்கும் மழையையும் பக்கத்திலிருந்து வரும் ஊற்றையும் எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவு நல்லது.

அப்புறம் கண்காணிப்புக் கிணறுகள். குழிக்கு மேல்புறம் ஒன்று, நீர் ஓடும் திசையில் கீழ்ப்புறம் பல. அமெரிக்காவில் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் 2006-ல் இந்த விஷயத்தை மட்டும் ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. சுரங்கத்தில் போடலாம், ஆனால் இடத்தை முழுமையாக ஆராய்ந்து, தண்ணீரோடு தொடர்பைக் குறைத்து, கட்டாயமாக நடைமுறைப்படுத்தக்கூடிய விதிகளோடு போட வேண்டும், அதற்கும் முன்னால் வேறு உருப்படியான பயன்பாட்டைத் தேட வேண்டும் என்பதே அதன் சாரம். ஆனாலும் 2015-ல் வந்த அமெரிக்க மத்திய சாம்பல் விதி நிலக்கரிச் சுரங்கத்தில் போடுவதைத் தன் வரம்புக்கு வெளியே விட்டுவிட்டது. எனக்கு இது ஏமாற்றம்தான்.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

1999-ல் முதல் சாம்பல் அறிவிக்கை வந்தது, பல முறை திருத்தினார்கள். 2009 திருத்தத்தில் மின் நிலையத்திலிருந்து 50 கிலோமீட்டருக்குள் இருக்கும் திறந்தவெளிச் சுரங்கத்தை நிரப்பும்போது கன அளவில் குறைந்தது 25 சதவீதம் சாம்பல் இருக்க வேண்டும் என்று வந்தது. இப்போது நடைமுறையில் இருப்பது 2021 டிசம்பர் 31 அறிவிக்கை. சாம்பல் முழுவதையும் பயன்படுத்தியாக வேண்டும், பழைய குளங்களில் கிடப்பதைப் பத்து வருடத்துக்குள் தீர்க்க வேண்டும், மீறினால் டன்னுக்கு 1,000 ரூபாய் இழப்பீடு. பழைய குழிகளையும் கல்குவாரிகளையும் நிரப்ப மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2019-ல் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது.

நல்ல நோக்கம்தான். ஆனால் டன்னுக்கு 1,000 ரூபாய் என்ற பயம் இருக்கும்போது, பக்கத்தில் ஒரு பெரிய குழியும் இருந்தால், செங்கல் சூளையைத் தேடி யார் அலைவார்கள்? அளவைக் காட்ட வேண்டிய அவசரத்தில் தண்ணீர் ஆய்வு வெறும் காகிதமாகிவிடும் என்பதுதான் என் கவலை.

நிரப்பிய நிலத்தில் விவசாயம் செய்யலாமா? வீடு கட்டலாமா?

மரம் வளர்க்கலாம். சாம்பலில் தழைச்சத்தும் மட்கும் கிடையாது, போரான் அதிகமானால் செடி கருகும், அதனால் மேலே நல்ல மண் ஒரு அடிக்குக் குறையாமல் வேண்டும், ஆழ வேர் போகும் மரத்துக்கு இன்னும் கூடுதலாக. உணவுப் பயிரையும் மாட்டுத் தீவனத்தையும் நான் பரிந்துரைக்க மாட்டேன், செலினியமும் மாலிப்டினமும் புல் வழியாகக் கால்நடைக்குப் போகும். வீடு வேண்டாம். தண்ணீரில் கரைத்து விட்ட சாம்பல் பல வருடம் அமுங்கிக்கொண்டே இருக்கும், நீரில் ஊறிய நிலையில் நிலநடுக்கம் வந்தால் குழம்பாகிவிடும்.

கதிர்வீச்சு?

யுரேனியமும் தோரியமும் மிகச் சிறிய அளவில் உண்டு, சாதாரண மண்ணைவிடச் சற்றுக் கூடுதலாக. மண் மூடிய குழியில் இதைப் பெரிய கவலையாக நான் நினைக்கவில்லை. தூசிதான் கவலை, மூடாத லாரியிலிருந்து பறக்கும் நுண்துகள் நேராக நுரையீரலுக்குப் போகும்.

நெய்வேலியில் இப்படிச் செய்யலாமா?

நெய்வேலியின் நிலை வேறு. அங்கே பழுப்பு நிலக்கரி, சாம்பல் ஒப்பீட்டளவில் மிகக் குறைவு. அதைவிட முக்கியம், பழுப்பு நிலக்கரிக்கு அடியிலேயே அழுத்தத்தோடு ஊற்று நீர் இருக்கிறது, அந்த அழுத்தத்தைக் குறைக்கத் தொடர்ந்து இறைத்தால்தான் சுரங்கமே வெட்ட முடியும். கடலூர் மாவட்டத்தின் எத்தனையோ கிணறுகள் இந்த நீரை நம்பியிருக்கின்றன. இறைப்பு நின்றால் தண்ணீர் மேலே வரும் இடம் அது, நான் மேலே சொன்ன எச்சரிக்கை அப்படியே பொருந்தும். அங்கே மேல்மண்ணையே திருப்பிப் போட்டு நிரப்புகிற பழைய முறை போதும் என்பது என் கருத்து.

எண்ணூர்ப் பக்கம் செப்பாக்கத்தில் சாம்பல் குளத்துக்குப் பக்கத்தில் வாழும் மக்களுக்கு இது வேறு மாதிரித் தோன்றலாம், எங்காவது கொண்டுபோனால் போதும் என்று. அவர்கள் பட்ட பாட்டுக்கு அந்தக் கோபம் நியாயமானது. ஆனாலும் அங்கிருந்து அள்ளுவதை இன்னொரு ஊரின் குடிநீர் மேல் கொட்டுவதில் எனக்குச் சம்மதமில்லை.

எங்கள் ஊர்க் கைவிட்ட கல்குவாரியைச் சாம்பலால் நிரப்பித் தருகிறோம் என்கிறார்கள், ஒத்துக்கொள்ளலாமா?

அந்தக் குவாரியில் கோடையிலும் தண்ணீர் நிற்கிறதென்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அது உங்கள் ஊர் நிலத்தடி நீரோடு பாறை விரிசல் வழியாகத் தொடர்பில் இருக்கிறது என்று பொருள். பல ஊர்களில் அதே தண்ணீரை ஆட்டுக்கும் வயலுக்கும் எடுக்கிறார்கள். குழந்தைகள் விழுந்து இறக்கிறார்கள் என்பதால் மூட நினைப்பது புரிகிறது, அதற்குச் சுற்றி வேலி போடலாம், மண்ணால் சரிவு அமைக்கலாம்.

சுரங்கத்தை நிரப்பும் திட்டம் வந்தேவிட்டது. ஊர்க்காரர்கள் என்ன செய்ய வேண்டும்?

மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த அனுமதியின் நகலை வாங்குங்கள், தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். நிபந்தனைகளைத் தமிழிலோ உங்கள் ஊர் மொழியிலோ எழுதிக் கிராம சபையில் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். கண்காணிப்புக் கிணறுகள் எங்கே, யார் மாதிரி எடுப்பார்கள், முடிவு எங்கே ஒட்டப்படும், சுரங்கம் மூடிய பிறகு எத்தனை வருடம் தொடரும், கிணறு கெட்டால் யார் எத்தனை நாளுக்குள் மாற்றுக் குடிநீர் தருவார்கள், இதற்கெல்லாம் எழுத்தில் பதில் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், முதல் லாரி வருவதற்கு முன்பே உங்கள் கிணறுகளின் தண்ணீரை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கொடுத்துப் பரிசோதித்து அறிக்கையைப் பத்திரமாக வையுங்கள். இது இல்லாவிட்டால் பின்னால் "உங்கள் தண்ணீர் முன்பே இப்படித்தான் இருந்தது" என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். ஆர்சனிக்கை மட்டும் பார்க்கச் சொல்லாதீர்கள், போரானையும் சல்ஃபேட்டையும் கட்டாயம் சேர்க்கச் சொல்லுங்கள். அவை தண்ணீரோடு வேகமாக நகர்கிறவை, சாம்பல் நீர் உங்கள் கிணற்றை நோக்கி வருகிறதென்றால் பெரும்பாலும் அவைதான் முதலில் ஏறும், ஆர்சனிக் பல வருடம் பின்தங்கி வரும். மழைக்கு முன் ஒரு மாதிரி, மழைக்குப் பின் ஒரு மாதிரி, கிணற்றின் பெயரும் தேதியும் எழுதி, இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்தோடு.